கல் கொட்டும் முன்பே கேட்க வேண்டியவை
வாசகர் கேள்வி – பதில்

கடலரிப்புத் தடுப்பு, அலையாத்தி நடவு, முகத்துவாரம் தூர்வாருதல், மணல் கொட்டிக் கடற்கரையை அகலப்படுத்துதல் எல்லாமே இப்போது ‘கடற்கரை மீட்டெடுப்பு’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. இந்தத் திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆய்வில் மக்கள் எங்கே, எப்படி நுழைவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் ஊரில் தூண்டில் வளைவு போடுவதற்காக வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது என்று யாரைக் கேட்பது?
– வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

பெரும்பாலும் கூட்டமே நடக்காது. பலர் கூட்டத்துக்காகக் காத்திருந்தே காலத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

காரணம் இதுதான். கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்குவது 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் பட்டியலில் துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர், தூர்வாருதல் ஆகியவை உண்டு. மீன்பிடித் துறைமுகம் என்றால் ஆண்டுக்கு 10,000 டன்னோ அதற்கு மேலோ மீன் கையாளும் திறன் இருக்க வேண்டும். கடலரிப்பைத் தடுக்க மட்டும் போடும் தூண்டில் வளைவும் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் அமைப்பு) கருங்கல் சுவரும் பட்டியலில் பெயர் சொல்லப்படாதவை. அவற்றுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, அதாவது சி.ஆர்.இசட். விதிகளின்படி, அனுமதி வாங்கினால் போதும் என்றே நடைமுறையில் கொள்கிறார்கள். சி.ஆர்.இசட். அனுமதிக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், வரைபடம் வேண்டும், கழிவு வெளியேற்றும் திட்டம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். மக்கள் கூட்டம் மட்டும் வேண்டாம்!

ஆகவே முதல் வேலை, காகிதத்தில் அந்தக் கட்டுமானத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. நாம் எல்லாவற்றையும் ‘தூண்டில் வளைவு’ என்றுதான் சொல்வோம். ஆனால் முகத்துவாரத்தின் இரு புறமும் படகு போய்வர நீட்டும் கல் கரையை ‘அலைத்தடுப்புச் சுவர்’ என்று எழுதினால் அது 2006 பட்டியலுக்குள் போகிறது. ‘கரைப் பாதுகாப்பு’ என்று எழுதினால் வெளியே நிற்கிறது. பெயருக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்று தோன்றினால், அதுவே உங்கள் முதல் எழுத்துபூர்வ ஆட்சேபம்.

கூட்டம் இல்லை என்றால் நுழைவதற்கு வேறு கதவுகள் உண்டு. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் விண்ணப்பம் முழுமையாக வந்ததிலிருந்து 60 நாளுக்குள் பரிந்துரை செய்ய வேண்டும். கூட்டப் பொருள் நிரல், கூட்டக் குறிப்பு, அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பது ஆணையத்துக்கு அறிவிக்கையே விதித்த கடமை. பொருள் நிரலில் உங்கள் ஊர்ப் பெயர் வந்த அன்றே கடிதம் போய்விட வேண்டும். கூட்டம் முடிந்தபின் போகும் கடிதம் கோப்பில் தூங்கும். திட்டம் கடலுக்குள்ளோ அலையேறி இறங்கும் பகுதியிலோ வந்தால் பொதுவாக முடிவெடுப்பது தில்லியில் உள்ள ஒன்றிய அமைச்சகம். அதன் நிபுணர் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

இன்னொரு கதவு கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அங்கே நிறைவேறும் தீர்மானம் சி.ஆர்.இசட். அனுமதியைச் சட்டப்படித் தடுக்காது. ஆனால் ஊரின் நிலைப்பாடு இன்ன தேதியில் இப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ‘எதிர்க்கிறோம்’ என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்தப் படகுத்துறை, எந்தக் கரைவலைப் பாடு (வலை இழுக்கும் இடம்), வலை உலர்த்தும் எந்த இடம் பாதிக்கும் என்று பெயர் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள்.

மாவட்ட அளவில் ஒரு குழு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், தூத்துக்குடி

உண்மை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையும் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று சி.ஆர்.இசட். அறிவிக்கை சொல்கிறது. அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது, அதன் கூட்டக் குறிப்பின் நகல் ஆகிய மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். குழு கூடவே இல்லை என்று பதில் வந்தாலும் அது பயனுள்ள பதில்தான்.

ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இணையதளமான பரிவேஷில் எங்கள் பகுதித் திட்டத்தின் அறிக்கையை எடுத்துவிட்டோம். நூற்றுக்கணக்கான பக்கங்கள், எல்லாம் ஆங்கிலம். எதைப் படிப்பது, எதை விடுவது?
– மீனவர் சங்கம் ஒன்றின் செயலாளர், கடலூர் மாவட்டம்

முதலிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். தொடக்கத்தில் வருவது பெரும்பாலும் எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் பாடம்தான். கீழே சொல்லும் வரிசையில் போங்கள்.

முதலில் வரைபடம். 1:4,000 அளவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வரைந்த படம் இணைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் திட்டத்தின் அமைப்பு வரையப்பட்டிருக்கும். திட்ட இடத்தைச் சுற்றி 7 கிலோமீட்டர் காட்டும் இன்னொரு படமும் வேண்டும். இந்த இரண்டையும் அச்செடுத்து, ஊர்ப் பெரியவர்களையும் கடலுக்குப் போகிறவர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள். மணல்மேடு விட்டுப்போயிருக்கும். முகத்துவாரம் பத்தாண்டுக்கு முன்பு இருந்த இடத்தில் இருக்கும். மீன் காயவைக்கும் களம் வெறும் ‘தரிசு’ ஆகியிருக்கும். மீனவக் குடியிருப்பு, பொதுச்சொத்து, மீன் இறங்குதளம், மீன் உலர்த்தும் இடம் ஆகியவற்றைக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் நில அளவை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டுக்கான வரைவுப் படங்கள் மீது கருத்துக்கேட்பு நடந்தபோது மீனவர்கள் எழுப்பிய முக்கியக் குறையே இவை விடுபட்டிருப்பதுதான். படத்தில் இல்லாத களத்துக்குப் பாதிப்பும் இல்லை என்று ஆகிவிடும்.

அடுத்து, தரவு எடுத்த மாதங்கள். பெரும்பாலான அறிக்கைகள் ஒரே ஒரு பருவத்தில், மழை இல்லாத மூன்று மாதத்தில், காற்று, நீர், மீன் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிடும். தொழிற்சாலைப் புகைக்கு அது ஓரளவு போதலாம், கடற்கரைக்குப் போதாது. நம் கிழக்குக் கரையில் சோளகக் காற்றுக் காலத்தில் (தென்மேற்குப் பருவம்) மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவம்) வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். ஒரு பருவத்தை மட்டும் அளந்தவருக்கு இந்தப் போக்குவரத்தில் பாதி தெரியாது. மீன்பிடித் தரவிலும் இதே கோளாறு உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல், மே மாதங்களில் இறங்குதளத்தில் நின்று கணக்கெடுத்தால் ‘இங்கே மீன்வரத்து குறைவு’ என்றுதான் எழுத வரும். தேதியைச் சுட்டிக்காட்டினாலே அந்த அத்தியாயம் ஆட்டம் கண்டுவிடும்.

மூன்றாவது, மணல் கணக்கு. ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் மணல் வடக்கே, எத்தனை தெற்கே, நிகரம் எவ்வளவு என்று ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். அதை எப்படிக் கணித்தார்கள், கணினி மாதிரியை எந்த இடத்து அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள் என்பதும் வேண்டும். கடலுக்குள் கல் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபோது தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்தபின் நகரத்தின் மணல் கரையே காணாமல் போனது. அதை மீட்க நீருக்குள் செயற்கைத் திட்டு அமைக்கும் வேலை பின்னாளில் நடந்தது. ஆகவே ‘அரிப்பு நிற்கும்’ என்ற வாக்கியத்தைப் பார்த்தால், ‘எந்த ஊரில்?’ என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். வடக்கே அடுத்த 5 கிலோமீட்டர் பற்றி அறிக்கை வாய் திறக்காவிட்டால், அதையே முதல் கேள்வியாக்குங்கள். வடக்கு ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊரைக் காத்த கல் அவர்கள் ஊரை அரிக்க, அவர்களும் கல் கேட்க, சங்கிலி நீளும். கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாமல் தூண்டில் வளைவு கட்டக் கூடாது என்று 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தமிழ்நாட்டுக்குச் சொன்னதன் பின்னணி இதுதான்.

நான்காவது, மாற்று வழிகள். ‘ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்’, ‘சேர்ந்த பக்கத்து மணலை எடுத்து அரித்த பக்கம் கொட்டினால் என்ன ஆகும்’, ‘வீடுகளைப் பின்னுக்கு நகர்த்தினால் என்ன செலவு’ என்று குறைந்தது சிலவற்றை ஒப்பிட்டிருக்க வேண்டும். நிராகரிக்கவே எழுதிய மாற்று வழிகளை நீங்களே அடையாளம் கண்டுவிடுவீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

கடைசியாக, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்ட அட்டவணை. யார் செய்வது, எந்த மாதம், எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு? ‘அவ்வப்போது கண்காணிக்கப்படும்’ என்ற சொல் வந்தால் அடிக்கோடிடுங்கள். அப்படி எழுதிய வேலையை யாரும் செய்யப்போவதில்லை. கட்டி முடித்தபின் கரையை அளக்கும் செலவு எந்தத் துறையின் தலையில் என்பது அங்கே இருந்தாக வேண்டும்.

காற்றுத் தரம், இரைச்சல், மக்கள்தொகை அத்தியாயங்களை விட்டுவிடலாம். கல் ஏற்றிய லாரி ஊருக்குள் வரப்போகிறது என்றால் மட்டும் போக்குவரத்துப் பகுதியைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை லாரி, எந்தக் குவாரி, பள்ளி விடும் நேரமா?

அறிக்கை முழுவதையும் தமிழில் கேட்க உரிமை இல்லையா?
– வாசகி, சென்னை

2006 அறிவிக்கைப்படி சுருக்கம் மட்டுமே உள்ளூர் மொழியில் வர வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்பதே விதி. இது பெரிய ஓட்டை. 2020-இல் இந்த அறிவிக்கையை மாற்ற ஒரு வரைவு வந்தபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-இல் உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. மொழி தெரியாமல் கருத்துச் சொல்ல முடியாது என்ற வாதத்துக்கு அது வலுவான துணை. நடைமுறையில், முழு அறிக்கையைக் கேட்டு இழுபறி செய்வதைவிட மேலாண்மை அட்டவணை, மாற்று வழிகள், கரைமாற்றம் ஆகிய அத்தியாயங்களை மட்டும் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில மூலத்தையும் ஒருவர் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுவதும் நல்லது. அலகுகள் மாறியிருக்கும், ‘தற்காலிகப் பாதிப்பு’ ‘பாதிப்பு இல்லை’ ஆகியிருக்கும்.

அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். பேச மூன்று நிமிடம்தான் தருவார்களாம், மைக்கைப் பிடுங்கிவிடுவார்களாம். எப்படித் தயாராவது?
– மகளிர் சுயஉதவிக் குழுவினர், இராமநாதபுரம் மாவட்டம்

கூட்டம் வாக்கெடுப்பு இல்லை. ஆயிரம் பேர் கைதூக்கினாலும் திட்டம் தானாக விழாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும், ஏனென்றால் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் விதியில் இல்லை. அங்கே உருவாகும் ஆவணம்தான் முக்கியம். நிபுணர் குழுவின் மேசைக்குப் போவது உங்கள் குரல் இல்லை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. அதற்குள் உங்கள் கேள்வி சரியாக ஏற வேண்டும்.

கூட்டத்துக்கு முன்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்து, குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். விளம்பரத்தைத் தேதியோடு வெட்டி வையுங்கள். நாளிதழ் போகாத ஊர்களில் தண்டோரா, வானொலி வழியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. இன்றைக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி. வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். இருவராகப் போங்கள். ‘இன்னும் வரவில்லை’ என்றால் அன்றைய தேதியிட்டு அங்கேயே ஒரு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முறைகேடு பின்னால் தீர்ப்பாயம் போனால் பேசப்போவது இந்த முத்திரைதான்.

எழுத்துக் கருத்து தனியே அனுப்பலாம். நேரில் வர முடியாதவர், வேறு ஊரில் இருப்பவர், ஆய்வாளர் எல்லாரும் எழுதலாம். அது பதிவஞ்சலில் போகட்டும், மின்னஞ்சலிலும் போகட்டும்.

கூட்ட நாளில்: தலைமை வகிப்பவர் ஆட்சியராகவோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவர் பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். வேறு யாரோ உட்கார்ந்திருந்தால் பேச்சின் முதல் வாக்கியத்திலேயே அதைப் பதிவு செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்திடுங்கள். சில ஊர்களில் ‘இதில் கையெழுத்துப் போட்டால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள்’ என்ற பயம் இருக்கிறது. தாளின் தலைப்பை உரக்கப் படிக்கச் சொல்லி, அது வருகைப் பதிவேடுதான் என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். பேசுகிறவர் முதலில் தன் பெயர், ஊர், தொழில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரட்டும்.

மூன்று நிமிடக் கட்டுப்பாடு அறிவிக்கையில் கிடையாது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தகவலோ விளக்கமோ கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் அங்கே நின்று விதி பேசி நேரம் கழிக்காதீர்கள். ஒரே விஷயத்தை எட்டுப் பேர் உணர்ச்சியோடு சொன்னால் குறிப்பில் அது ஒரே வரியாகச் சுருங்கும். எட்டுப் பேர் எட்டு விஷயம் பேசுங்கள். ஒருவர் வரைபடப் பிழை, ஒருவர் தரவு மாதங்கள், ஒருவர் நண்டு, இறால் பொறுக்கும் இடம், ஒருவர் கடற்பாசி எடுக்கும் பாறை, ஒருவர் லாரி வழி. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் எழுதி வைத்த தாளைத் தலைவரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மைக்கைப் பிடுங்கினாலும் தாளைப் பிடுங்க முடியாது.

கூட்டம் முடியும்போதுதான் பெரும்பாலோர் தவறவிடும் கட்டம் வரும். நடவடிக்கைச் சுருக்கத்தை வாரியப் பிரதிநிதி அங்கேயே தமிழில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். அதன்பின் தலைமை வகித்தவர் அன்றே கையெழுத்திட வேண்டும். அதற்குள் கூட்டம் கலைந்து பேருந்துக்கு ஓடியிருக்கும். பத்துப் பேராவது கடைசிவரை உட்காருங்கள். உங்கள் கேள்வி விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள். படிக்கவே இல்லை என்றால், ‘சுருக்கம் படித்துக் காட்டப்படவில்லை’ என்று அன்றே வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அலையாத்தி மரம் நடுவதற்கும் ஆட்சேபமா? அது நல்ல காரியம்தானே?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

நல்ல இடத்தில் நட்டால் நல்ல காரியம். மீட்டெடுப்புத் திட்டங்களில் அதிகம் தோற்பதும் இதுதான். தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: மரம் வளராத இடத்தில் நடுவது.

அலையாத்தி பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்துக்கும் உச்ச ஏற்றமட்டத்துக்கும் நடுவே வளரும். அதற்குக் கீழே, நாளின் பெரும்பகுதி நீரில் மூழ்கும் சேற்றுப் பரப்பில், அதன் வேர் மூச்சுவிட முடியாது. ஆனால் நடவுக்கு ஒதுக்கப்படுவது அந்தச் சேற்றுப் பரப்பாகவே இருக்கும், ஏனென்றால் அது யாருடைய பட்டாவிலும் இல்லாத இடம். பட்டா இல்லாத இடத்தை யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். பெண்கள் நண்டும் இறாலும் மட்டியும் கையால் தடவிப் பிடிப்பது அங்கேதான். வெளிநாட்டுப் பறவைகள் இரை தேடுவதும் அங்கேதான். இன்னும் ஆழத்தில் கடற்புல் இருந்தால், அதன்மேல் நடுவது ஒன்றை அழித்து இன்னொன்றைத் தோற்கடிப்பது.

பிச்சாவரம் நல்ல பாடம். காடு சிதைந்ததற்குப் பிற்காலத்து விறகு வெட்டைப் பலர் காரணம் சொன்னார்கள். உண்மையில் பழைய முறைப்படி பகுதி பகுதியாக முழுவதும் வெட்டியதில் நிலம் தாழ்ந்து கிண்ணம்போல் ஆகியிருந்தது. ஏறிய அலைநீர் திரும்பி வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியதால் நாற்று பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து செய்தது, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீர் வந்து போக வழி செய்தது. அதன்பின் வாய்க்கால் கரையோரத்தில் நட்ட கண்டல் (அலையாத்தியில் ஒரு வகை) பிழைத்தது. நீர் சரியானால் பல இடங்களில் விதை தானாகவே வந்து இறங்கும்.

ஆகவே நடவுத் திட்டம் வந்தால் இவற்றை எழுதிக் கேளுங்கள். இந்த இடத்தில் முன்பு அலையாத்தி இருந்ததா? இருந்தால் ஏன் போனது? அந்தக் காரணம் சரியாகிவிட்டதா? நிலமட்டத்தை அளந்தார்களா, நாளைக்கு எத்தனை மணி நேரம் மூழ்குகிறது? மண்ணின் உப்பு எவ்வளவு, வெயில் காலத்தில் அளந்ததா? எந்த இனம் எத்தனை விழுக்காடு? சுரபுன்னை என்ற அலையாத்தி வகையின் நீண்ட விதை நட எளிது, படத்தில் அழகு என்பதற்காக எல்லா இடத்திலும் அதையே நடும் வழக்கம் உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை உயிரோடு இருந்தால் வெற்றி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்? ‘ஒரு லட்சம் நாற்று நடப்படும்’ என்பது செலவுக் கணக்கு. எத்தனை பிழைக்கும் என்பது அதற்குள் இல்லை.

மணல்மேட்டில் சவுக்கு நடுவதையும் மீட்டெடுப்பு என்று சொல்லலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

காற்றுத் தடுப்பு என்று சொல்லலாம். மணல்மேட்டின் இயற்கைத் தாவரம் அடும்புக்கொடியும் இராவணன் மீசையும். அவை மணலைப் பிடித்து மேட்டை வளர்ப்பவை. அலைக்கோட்டுக்கு மிக அருகே சவுக்கு அடர்ந்தால் நிழலும் வேரும் ஆமை முட்டையிடும் இடத்தைக் கெடுக்கும். பங்குனி ஆமை நம் கரையில் முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை; எந்தக் கரை வேலையாக இருந்தாலும் அந்த மாதங்களில் இயந்திரமும் இரவு விளக்கும் கூடாது என்று நிபந்தனை கேளுங்கள். மணல்மேட்டைச் சமன் செய்வதை சி.ஆர்.இசட். அறிவிக்கை தடைசெய்கிறது என்பதையும் கூடவே குறிப்பிடுங்கள்.

‘உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். கடலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியாததா? அதை எப்படிக் காகிதத்தில் கொண்டுவருவது?
– ஊர்ப் பஞ்சாயத்தார், செங்கல்பட்டு மாவட்டம்

நான்கு விவரம் சேர்ந்தால் அனுபவம் ஆதாரமாகிவிடும்: எங்கே, எப்போது, எவ்வளவு, எப்படித் தெரியும். ‘கரை போய்விட்டது’ என்பதை ‘மாதா கோயில் கொடிமரத்திலிருந்து அலைக்கோடு வரை முன்பு இத்தனை தப்படி, இந்த ஆண்டு இத்தனை தப்படி’ என்று எழுதுங்கள்.

கரையை நீங்களே அளக்கலாம். 1.5 மீட்டர் நீளத்தில் இரண்டு கம்பு, இரண்டிலும் உச்சியிலிருந்து கீழாகச் சென்டிமீட்டர் குறி, நடுவே 2 மீட்டர் கயிறு. இவ்வளவுதான் கருவி. மேட்டிலிருந்து அசையாத ஒரு புள்ளியில் தொடங்குங்கள். மின்கம்பம், கோயில் படி எதுவும் ஆகலாம். ஒருவர் நிலப் பக்கக் கம்போடு நிற்க, மற்றவர் கடல் பக்கம் கயிறு இறுகும்வரை போய்க் கம்பை நேராக நிறுத்த வேண்டும். பின்னால் நிற்பவர் முன்கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, அந்தக் கோடு தன் கம்பில் எங்கே வெட்டுகிறதோ அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த 2 மீட்டரில் கரை அவ்வளவு இறங்கியிருக்கிறது. இப்படியே நீர் வரை போனால் கரையின் குறுக்குவெட்டு கிடைக்கும். மாதம் ஒருமுறை, எப்போதும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய வற்று நேரத்தில், அதே புள்ளி, அதே திசை. புயலுக்கு மறுநாளும் ஒருமுறை. அதே இடத்தில் நின்று வடக்கும் தெற்கும் பார்த்து இரண்டு புகைப்படம்; செல்பேசியில் இடக்குறிப்பு இயங்கட்டும்.

தவறுகள் நேர்வது இங்கே: ஒரு மாதம் வற்றில், மறுமாதம் ஏற்றத்தில் அளப்பது, தொடக்கப் புள்ளியை மாற்றுவது, வாடையில் தொடங்கிச் சோளகத்தில் நிறுத்தி, அரிப்பைப் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டுவது. முழுதாக 12 மாதம் இருந்தால்தான் பேச்சு எடுபடும். உங்கள் கூற்றுக்கு எதிரான மாதங்களையும் மறைக்காமல் கொடுங்கள். நம்பகம் அங்கேதான் பிறக்கும்.

மீன்பிடி இடங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: பாட்டின் (மீன்பிடி இடத்தின்) பெயர், எத்தனை பாகம் (கடலாழ அளவு) ஆழம், எந்த மாதம் என்ன மீன், எத்தனை வள்ளம். ஆனால் பாறைப் பாடுகளின் துல்லியமான இடக்குறிப்பை முழுதாக ஒப்படைக்க வேண்டியதில்லை. அது ஊரின் சொத்து, அறிக்கையில் ஏறினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பரப்பாக ஒரு கட்டம் வரைந்து காட்டினால் போதும்.

வெளிநாட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா?
– வாசகர், கோவை

ஒப்பிட ஒரு திட்டம்: அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்று வண்டலைத் திருப்பிவிட்டுக் கரைந்துவரும் சதுப்பு நிலத்தை மீட்க லூசியானா மாநிலம் போட்ட பராட்டாரியா திட்டம். செலவு சுமார் 300 கோடி டாலர். வரைவு அறிக்கை 2021 மார்ச்சில் மக்கள் முன் வந்தது. நன்னீர் பாய்ந்தால் சிப்பிக்கும் பழுப்பு இறாலுக்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்) பெரிய பாதிப்பு என்று அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாக என்ன செய்வது என்பதும் திட்டத்தின் பகுதி ஆனது. வந்த கருத்துகளுக்கு இறுதி அறிக்கையிலேயே பதில் எழுத வேண்டும் என்பது அங்கே முறை. ஆய்வு தொடங்கும்போதே, எதை ஆராய வேண்டும் என்றும் மக்களிடம் கேட்கிறார்கள். நம் முறையில் அந்தக் கட்டம் நிபுணர் குழுவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது; ஆய்வு வரம்பு பரிவேஷில் வந்தவுடன் எழுதுவதே நமக்குள்ள வழி. இத்தனைக்குப் பிறகும் மீனவர் எதிர்ப்பு, செலவு, வழக்கு என்று இழுபட்டு, வேலை தொடங்கியபின், 2025-இல் லூசியானா அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நல்ல ஆய்வு சண்டையை ஒழித்துவிடாது.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

அனுமதி ஆணை பொதுவெளிக்கு வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு அதிலிருந்து 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 90 நாளுக்குப் பிறகு தீர்ப்பாயத்தால் தாமதத்தை மன்னிக்க முடியாது. எவ்வளவு நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். முத்திரை வாங்கிய மனுக்கள், விளம்பர நறுக்கு, கரை அளவீட்டு நோட்டு இவற்றோடு வழக்கறிஞரிடம் போனால் அவர் வேலை பாதி முடிந்திருக்கும்.

வழக்குக்குப் போகாவிட்டாலும் ஆணையின் நிபந்தனைகள் உங்கள் கையில் உள்ள கருவி. அவற்றை எண்ணிட்டுத் தமிழில் எழுதி ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்து அரையாண்டுக்கு ஒருமுறை திட்டக்காரர் அறிக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, உங்கள் அளவீட்டோடு வைத்துப் பாருங்கள். உலக வங்கி போன்ற அமைப்பின் கடன் என்றால் அதற்கெனத் தனிக் குறைதீர்ப்பு வழியும் இருக்கும். திட்ட அலுவலகத்தில் அதன் விவரம் கேளுங்கள். கன்னியாகுமரியின் அரபிக்கடல் பக்கத்தில் கரை வளைவும் அலைத்திசையும் கிழக்குக் கரைபோல் இல்லை, தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே மணல் எந்தப் பக்கம் சேரும் என்பதை மேலே சொன்ன கிழக்குக் கரைக் கணக்கை வைத்து முடிவு செய்யாமல், முதல் கல் விழும் முன்பே உங்கள் கரையில் இரு பக்கமும் அளக்கத் தொடங்கிவிடுங்கள்.